பதின்மூன்றாம் தேதிக் காற்று

பொன்னேரி ரயில் நிலையச் சாலையில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் எலிசபெத்தின் அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கணினியிலும் போனிலும் நடக்கும் வம்புதும்புகளைத் துருவிப் பார்த்து உண்மையைச் சொல்வது அவருக்கு வேலையாகிவிட்டது. பலகை இல்லாத குறையைக் கீழே ஆட்டோ ஓட்டும் ஜான்சன் தீர்த்துவைத்தான். ஏறுகிற ஆளிடமெல்லாம் அவரைப் பற்றி அளந்துவிடுவான். வழக்குகளில் பாதி தானே துப்பறிந்தது என்றும் சேர்த்துக்கொள்வான்.

அன்று காலை அவன் மாடிக்கு அழைத்துவந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அவள் அழுது தீர்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள் என்று ஜான்சனுக்குத் தோன்றியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எம்பேரு சுபஸ்ரீ மேடம். கோட்டைக்குப்பம். ஊர்த் தகவல் மையத்துல காத்து, அலை நிலவரத்த ஒலிபெருக்கில வாசிக்கிறவ நான்தான். முந்தாநாள் நான் ஒரு பொய்யான புயல் எச்சரிக்கைய வாசிச்சுட்டேன். வேணும்னே செஞ்சேன்னு ஊரே சொல்லுது. சாயங்காலம் கூட்டம் கீது. அதுக்குள்ள செஞ்சது யாருன்னு தெரியலைன்னா எங்க ஊட்டுக்குப் பாடு போயிடும்."

"பாடுன்னா என்னன்னு இவனுக்கும் சேர்த்துச் சொல்லும்மா" என்றார் எலிசபெத். ஜான்சன் ஆரம்பாக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. கோட்டைக்குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரியைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்ததுதான் அதிகம்.

சுபஸ்ரீ சொன்னாள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஏரிநீர் ஓடும் வாய்க்காலில் கழி நட்டு வலை கட்டினால் இறால் நிறைய விழும். இடமோ கொஞ்சம். அதனால் ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு என்று ஊரார் முறை போட்டிருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தன் முறையில் ஒருவன் வரவில்லை என்றால் அது போனதுதான். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வந்தால் மட்டும் அப்படி இல்லை. அன்று யாரும் போக மாட்டார்கள். அந்த முறை அப்படியே அடுத்த ராத்திரிக்குத் தள்ளிப்போகும்.

"பன்னெண்டாம் தேதி ராத்திரி எங்க நைனாவோட பாடு. அன்னிக்கி சாயங்காலம் சர்வர்ல இருந்து எடுத்த பைல்ல, வடகிழக்குக் காத்து பலமா அடிக்கும், ரெண்டு நாளைக்கு யாரும் போவாதீங்கன்னு இருந்துச்சி. அப்படியே வாசிச்சேன். மறுநாள் சரியான பைல் வந்தப்பதான் அது பொய்யின்னு தெரிஞ்சுது. உடனே ஊர் பாட்டையே நிறுத்தி வச்சிட்டாங்க. ரெண்டு நாள் தள்ளினா எங்க முறை இன்னிக்கு வருது மேடம். இன்னிக்கு அமாவாசை. இறால் கொட்டற ராத்திரி. அதுக்காகத்தான் பண்ணேன்னு சொல்றாங்க."

"உங்க வீட்டுக்கு வேற வருமானம்?"

"மையத்துல எனக்குக் குடுக்கறது அரிசிக்கே பத்தாது. பாடு இருந்தாதான் அடுப்பு எரியும்."

"வடகிழக்குக் காற்று" என்று எலிசபெத் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கார்த்திகைல அடிக்கற காத்து, மாசி மாசத்துல. உனக்குச் சந்தேகம் வரலையா?"

சுபஸ்ரீயின் முகம் சிவந்தது. "வந்துச்சி. ஆனா ஒரு எழுத்து கூட மாத்தாம வாசிக்கணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. என் இஷ்டத்துக்கு மாத்தினா, அப்பறம் யாரு நம்புவாங்க?"

எலிசபெத் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வழக்கு ஏற்கப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஜான்சன் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கினான்.

போகிற வழியிலேயே எலிசபெத், சுபஸ்ரீயிடம் எண் வாங்கி, தகவல் மையங்களின் சர்வரைப் பராமரிக்கும் ஹரிஷுக்குப் போன் போட்டார். பன்னிரண்டாம் தேதி கோட்டைக்குப்பத்துக் கணக்கிலிருந்து வந்த கட்டளைகள் அத்தனையும் பத்து நிமிடத்தில் அவர் போனுக்கு வந்தன. ஜான்சன் தலையைத் திருப்பி எட்டிப் பார்த்தான். எல்லாம் நாலெழுத்து ஆங்கிலம்.

"இது இன்னாக்கா, மந்திரமா?"

"ரோட்டைப் பாரு. சர்வருங்கறது ஜன்னல் வச்ச தபாலாபீஸ் மாதிரி. வெளிய நிக்கறவன் சின்னச் சின்ன வார்த்தைல கேப்பான். அது எண்ணுல பதில் சொல்லும். USER னா நான் இன்னார். PASS னா இதோ என் ரகசியச் சொல். LIST னா உள்ளே என்னென்ன இருக்குன்னு காட்டு. RETR னா எடுத்துக் குடு. STOR னா இதை வாங்கி வை. QUIT னா போயிட்டு வரேன்."

"அப்ப இந்த RNFR?"

"பேர் மாத்தறது. அது மட்டும் ஒரே மூச்சுல முடியாது. RNFR னு பழைய பேரைச் சொல்லணும். 'சரி, மேலே சொல்லு'ன்னு அர்த்தத்துல 350 னு பதில் வரும். அப்பறம் RNTO னு புதுப் பேரைச் சொல்லணும். ரெண்டாவது பாதி வர்ற வரைக்கும் எதுவும் நடக்காது. அது காத்துக்கிட்டே நிக்கும்."

நடந்தது அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கோப்புகளுக்குத் தேதிதான் பெயர். வானிலை அலுவலகம் தினமும் பிற்பகல் அன்றைய தேதியில் ஒரு கோப்பை வைக்கும். சுபஸ்ரீ ஐந்து மணிக்கு அதை எடுப்பாள். பன்னிரண்டாம் தேதி காலையிலேயே யாரோ உள்ளே நுழைந்து, போன கார்த்திகையில் வந்த நிஜப் புயல் எச்சரிக்கையைத் தேடிப் பிடித்து, அதற்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்த பெயர் பதின்மூன்று. பிற்பகலில் வானிலை அலுவலகத்தின் உண்மையான பன்னிரண்டு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு, ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், அதே ஆள் மறுபடி வந்து பதின்மூன்றைப் பன்னிரண்டு என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். பழைய புயல் உண்மையான கோப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"முதல்ல தப்பாப் போட்டுட்டு அப்பறம் திருத்தியிருக்கான்" என்றான் ஜான்சன். "தேதி தெரியாத மடையன்."

"தேதி நல்லாத் தெரிஞ்சவன்" என்றார் எலிசபெத். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. ஜான்சனுக்கு அவரிடம் பிடிக்காத குணம் இது ஒன்றுதான்.

பின்னிருக்கையில் சுபஸ்ரீ கவலையோடு கேட்டாள். "எது எந்தப் போன்ல இருந்து வந்துச்சின்னு தெரியாதா மேடம்?"

"உங்க ஊர் செல்போன் டவருக்குக் கீழே இருக்கற போன் எல்லாம் வெளியே ஒரே முகவரியாத்தான் தெரியும். ரகசியச் சொல் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. ஹரிஷ் சாருக்கு. நான் இல்லாத நாளைக்கு உதவிக்கின்னு ரெண்டு பேருக்கு ஹரிஷ் சாரே கட்டளையெல்லாம் கத்துக் குடுத்து, போன்லயும் போட்டுக் குடுத்தாரு. ஊர்த்தலைவர் கிருஷ்ணன் மாமா. அப்பறம் எங்க நைனா."

"அன்னிக்கு நீ எதுவும் வித்தியாசமாப் பாக்கலையா?"

"பாத்தேன். மத்தியானம் சும்மா LIST போட்டுப் பாத்தப்ப, நாளைத் தேதி போட்ட பைல் ஒண்ணு இப்பவே கிடந்துச்சி. ஆபீஸ்ல தப்பா வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். ஹரிஷ் சாருக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஊட்ல சாப்பிடறப்ப சொன்னேன். நைனா, நாளைக்கு வர வேண்டிய காத்து இன்னிக்கே வந்து உக்காந்துகினு கீதுன்னு. சிரிச்சோம். அப்பறம் மறந்துட்டேன்."

கோட்டைக்குப்பத்தில் இறங்கியதும் ஜான்சனை விசாரிக்க அனுப்பினார் எலிசபெத். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். மீன் ஏலம் விடும் கொட்டகை ஓரத்தில் நாகம்மாள் என்ற அம்மாள் அலுமினியக் குண்டானில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் துழாவியே இறாலும் நண்டும் பிடிக்கிறவர். விரல்களில் வெட்டுக் காயம் இல்லாத இடமில்லை.

"யம்மா, இன்னிக்கு ராத்திரி பாடு யாருக்குன்னு முடிவாயிடுச்சா?" என்று தொடங்கினான்.

"இன்னிக்குப் பாடு நடந்திருந்தா விடியக்காலையோட முடிஞ்சிருக்கும். நீ கேக்கறது நாளைப் பாடு" என்றார் அவர், நிமிராமல்.

"இல்லம்மா, இன்னிக்கு ராத்திரி."

"அதத்தான் சொல்றேன். சாயங்காலம் கட்டற வலை விடிஞ்சாதான் கரைக்கு வரும். மீனு வர்ற நாள்தானே பாட்டோட நாளு? எந்த ஊருப்பா நீ?"

ஜான்சன் வழிந்துகொண்டே பேச்சை மாற்றினான். தலைவர் கிருஷ்ணன்மேல்தான் அவனுக்குச் சந்தேகம். சுபஸ்ரீயின் வேலைக்குத் தலைவரின் மருமகன் ஆசைப்படுகிறான் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தான்.

"தலைவரா? அவரு பன்னெண்டாந் தேதி காலைலயே கடலுக்குப் போனவரு. டவரே எடுக்காத தூரம். இருட்டினப்பறம்தான் கரை சேந்தாரு. காத்தே இல்லியே, எவன் எச்சரிக்கை குடுத்தான்னு மொதல்ல கத்தினதே அவருதான்." நாகம்மாள் ஒரு நண்டின் காலைக் கட்டிப் போட்டார். "எனக்குப் பாடும் கெடையாது, வழக்கும் கெடையாது. எம் புருஷனுக்கு இடுப்பு போனப்ப, தண்ணில நிக்க முடியாதவனுக்குப் பாடு எதுக்குன்னு தசரதன் கூட்டத்துல எழுந்து கேட்டாரு. பேரை எடுத்துட்டாங்க. இப்ப அவரு பொண்ணு மாட்டிக்கினா. நான் இன்னா சொல்ல?"

தசரதன்தான் சுபஸ்ரீயின் நைனா.

எலிசபெத் அதற்குள் சுபஸ்ரீயின் வீட்டில் இருந்தார். ஜான்சன் போய்ச் சேர்ந்தபோது தசரதன் கட்டிலில் சாய்ந்திருந்தார். உச்சி வெயிலில் வீடு கொதித்தது. அவரோ இடுப்பிலிருந்து பாதம்வரை கம்பளி போர்த்தியிருந்தார்.

"எழுந்திருக்க முடியல, மன்னிச்சுக்கோங்க. காய்ச்சல்" என்றார்.

"நாலு நாளாவே இப்படித்தான்" என்றாள் சுபஸ்ரீ. கட்டிலுக்கடியில் ஆவி அடங்காத வெந்நீர் வாளி ஒன்று இருந்தது. மஞ்சள் வாடை வந்தது. எலிசபெத் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்ததும் ஜான்சனின் கதையை முழுக்கக் கேட்டார். நாகம்மாள் 'நாளைப் பாடு' என்று திருத்தியதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு படகுகள் கட்டியிருந்த கரையோரத்துக்குச் சுபஸ்ரீயைக் கூட்டிப் போனார்.

"செல்லம், கண்டுபிடிச்சுட்டேன். ஆனா கேட்டா உனக்குத் தாங்காது. கூட்டத்துல சொல்லாம, நீ செய்யலைன்னு மட்டும் நிரூபிச்சுட்டுப் போகவும் என்னால முடியும். என்ன சொல்றே?"

சுபஸ்ரீ ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று அவள் கேட்கவே இல்லை. ஜான்சனுக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை.

"மைக்குல நான் பொய் வாசிச்சிருக்கேன் மேடம். அத யாரு வச்சாங்கன்னு ஊருக்குத் தெரியலைன்னா, நாளைக்கு நெசமாவே புயல் வர்றப்ப என் குரலை எவனும் நம்ப மாட்டான். கடலுக்குப் போய்ச் செத்துப்போவாங்க. சொல்லிடுங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க."

ஏலக் கொட்டகையில் கூட்டம் கூடியபோது வெயில் சாய்ந்திருந்தது. தலைவர் கிருஷ்ணன் நடுவில் உட்கார்ந்தார். இந்த ஊர்க் கூட்டத்தில் பேசுகிறவர் எழுந்து நின்றுதான் பேச வேண்டும். தசரதனை இரண்டு பேர் தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காலில் இன்னும் போர்வை.

எலிசபெத் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. கொட்டகை தானாக அடங்கியது.

"முதல்ல சுபஸ்ரீயை எடுத்துக்குவோம். அவ ஊரை ஏமாத்த நெனச்சிருந்தா சர்வரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மைக் அவ கையில. பைல்ல என்ன எழுதியிருக்குன்னு வேற யாரும் எட்டிப் பாக்கறதில்ல. புயல் வருதுன்னு வாயாலயே சொல்லியிருக்கலாம். ஆனா ஒருத்தர் மெனக்கெட்டு பைலையே மாத்தியிருக்கார். ஏன்? ஏமாற வேண்டியது ஊர் மட்டுமில்ல, சுபஸ்ரீயும்தான். இருக்கறதை மாத்தாம வாசிப்பான்னு அவருக்கு அவ்வளவு நல்லாத் தெரியும்."

"அது நியாயம்" என்றார் கிருஷ்ணன் தயக்கத்தோடு. "அப்ப அந்த ஹரிஷு?"

"ஹரிஷ் சர்வருக்கே சொந்தக்காரர். உங்க ஊர்ப் பேரைச் சொல்லி ஜன்னல்ல வந்து நிக்க வேண்டாம், பின்கதவு சாவியே அவர்கிட்ட இருக்கு. அதோட, செஞ்சவர் முதல்ல ஒரு தப்புப் பண்ணினார். பன்னெண்டாம் தேதி சாயங்காலம் வாசிக்க வேண்டிய பைலுக்குப் பதின்மூணுன்னு பேர் வச்சார். ஆபீஸ்காரங்களுக்கு நடுராத்திரிலதான் தேதி மாறும். இதோ நிக்கற ஜான்சனுக்கும் அப்படித்தான். காலைல இவன் நாகம்மாள்கிட்ட இன்னிக்கு ராத்திரிப் பாட்டைப் பத்திக் கேட்டான். அவங்க என்ன சொன்னாங்க?"

"நாளைப் பாடுன்னு சொன்னேன்" என்றார் நாகம்மாள் பின்வரிசையிலிருந்து. "அதானே சரி?"

"இந்த ஊருக்கு அதுதான் சரி. பன்னெண்டாம் தேதி ராத்திரிப் பாடு உங்களுக்குப் பதின்மூணாம் தேதிப் பாடு. அந்தப் பாட்டுக்குக் காத்து வேணும்னு நெனச்சவர், யோசிக்காமலே பதின்மூணுன்னு அடிச்சிருக்கார். வலை கட்டறவர்தான் அப்படி அடிப்பார்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஜான்சன் தன்னை அறியாமல் தலைவரை முறைத்தான். எலிசபெத் அவன் பக்கம் திரும்பாமலேயே தொடர்ந்தார்.

"உங்கள்ல ரகசியச் சொல் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். தலைவர் அன்னிக்கு முழுக்கக் கடல்ல இருந்தார். அங்கே போன் எடுக்காது. அப்ப மிச்சம் ஒருத்தர். தேதி தப்பாப் போச்சுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? மத்தியானச் சாப்பாட்டுல சுபஸ்ரீ சொன்னா, நாளைக்காத்து இன்னிக்கே வந்து உக்காந்திருக்குன்னு. வேற யார்கிட்டயும் அவ சொல்லல. சாயங்காலத்துக்குள்ள அது திருத்தப்பட்டிருக்கு."

எல்லாக் கண்களும் ஒரு நாற்காலியின் பக்கம் திரும்பின. சுபஸ்ரீ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அமாவாசைக்கு ஆசைப்பட்டு அவர் செய்யல" என்றார் எலிசபெத். "நெத்தி ஜில்லுன்னு இருக்கு, ஆனா கால்ல கம்பளி. கட்டிலுக்கடியில வெந்நீர். திருக்கை மீனோட முள் கால்ல ஏறினா வெந்நீர்லதான் காலை வைப்பீங்க, இல்லையா? அண்ணே, பேர் மாத்தறதுக்கு ரெண்டு கட்டளை. உங்களுக்குத் தெரியும். முதல் பாதியை நான் சொல்லிட்டேன். மிச்சத்துக்காக நிக்கறேன்."

அவர் உண்மையிலேயே நின்றார். காற்றில் கொட்டகைக் கூரையின் தார்ப்பாய் படபடத்தது.

தசரதன் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். தாங்க வந்தவர்களை விலக்கிவிட்டார். போர்வை சரிந்தது. வலது பாதம் பூசணிக்காய் போல வீங்கிக் கறுத்திருந்தது. ஒற்றைக் காலில் நின்றார்.

"நான்தான் மாத்தினேன்" என்றார். "பத்தாந் தேதி முள்ளு ஏறுச்சி. பொண்ணுகிட்ட காய்ச்சல்னு சொன்னேன். தண்ணில நிக்க முடியாதவனுக்குப் பாடு எதுக்குன்னு கேட்டவனே நான். அந்த வாயால, எனக்குக் கால் முடியலைன்னு எப்பிடிக் கேப்பேன்? ரெண்டு நாளு கெடைச்சா வீக்கம் வடிஞ்சிடும்னு நெனச்சேன். பழி எம் பொண்ணு மேல போவும்னு நெனக்கல. நேத்து போச்சி. அப்பவும் வாய் தெறக்கல. அவ மொகத்த என்னால பாக்க முடியல."

கிருஷ்ணன் தாடையைத் தடவினார். "பொண்ணு மேல குத்தம் இல்ல. ஆனா தசரதா, நீ போட்ட ரூலுப்படி உன் பேரை எடுக்கணும். பொய்க்குத் தண்டம் தனி."

"எடுங்க" என்றார் தசரதன்.

"எடுக்கக் கூடாது." எழுந்தது நாகம்மாள். இறால் வாடை வீசும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எனக்கு இவர் மேல பாசம் ஒண்ணும் கெடையாது. நாலு வருஷமா இவராலதான் கையால துழாவிப் பொழைக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். தண்ணில நிக்கறது ஆம்பளக் காலுதானா? நான் தெனம் நிக்கறேனே, அது தண்ணி இல்லியா? ஊட்ல யாரு எறங்கினாலும் பாடு உண்டுன்னு மாத்துங்க. மாத்தினா எம் புருஷன் பேரும் திரும்பி வரணும், இவர் பேரும் இருக்கட்டும். இல்லன்னா ரெண்டும் வேணாம்."

பேச்சு வெகுநேரம் நடந்தது. பெண்கள் பக்கத்தில் சத்தம் ஏற ஏற ஆண்கள் பக்கத்தில் இறங்கியது. முடிவில் கிருஷ்ணன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் யார் தண்ணீரில் நின்றாலும் பாடு உண்டு. பொய்க்குத் தண்டமாகத் தசரதன் வீட்டுக்கு இந்தச் சுற்று முறை கிடையாது. அமாவாசைப் பாடு நாகம்மாளுக்கு.

"அடுத்த சுத்துல எங்க ஊட்டுக்கு நான் எறங்கறேன்" என்றாள் சுபஸ்ரீ. அன்று கூட்டத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான். பிறகு நைனாவிடம் வந்து, கீழே கிடந்த போர்வையை எடுத்து மடித்து அவர் தோளில் போட்டாள். கோபம் தீரவில்லை என்பது அவள் மடித்த வேகத்திலேயே தெரிந்தது. அவரை உட்காரவைத்துவிட்டுத் தகவல் மையத்தை நோக்கி நடந்தாள். வாசிக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது.

ஆட்டோவின் அருகே ஜான்சன் முனகினான். "தலைவர்தான்னு நெனச்சேன்க்கா."

"தெரியும். முறைச்ச முறையிலேயே தெரிஞ்சுது. வண்டியை எடுக்காதே, கொஞ்சம் இரு."

கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி கரகரத்தது. கரையில் வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த நாகம்மாள் நின்றார். படகில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். கொட்டகையில் தசரதன் ஒற்றைக் காலை ஊன்றி மறுபடி எழுந்து நின்றார்.

"வணக்கம். கோட்டைக்குப்பம் தகவல் மையம். பன்னிரண்டாம் தேதி மாலை இங்கே வாசிக்கப்பட்ட புயல் எச்சரிக்கை பொய்யானது. அதை வைத்தவர் தசரதன். அவர் என் தந்தை. வாசித்தவள் நான், சுபஸ்ரீ." தினமும் வருகிற அதே குரலில் தொடர்ந்தாள். "இன்றைய நிலவரம். தென்கிழக்குக் காற்று, மிதமானது. அலை உயரம் குறைவு. ஏரிக்குப் போகலாம்."

நாகம்மாள் காற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலையோடு தண்ணீரில் இறங்கினார்.